ரெண்டும் இடதுகால் செருப்பு

செப்புக் கம்பியால வாற தகவலை வெளிச்சமாக்கிக் கண்ணாடி இழைக்குள்ளால அனுப்புற சின்னப் பெட்டிக்கு மீடியா கொன்வேர்ட்டர் எண்டு பேர். அதை வித்துத் திரியிறவனுக்குப் பைத்தியக்காரன் எண்டு பேர். இந்தத் தொழிலில தலைமயிரைப் பிச்சுக்கொண்ட சகோதரங்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுறன்.

சண்டைக்காலம். நான் கொழும்பு புறக்கோட்டையில ஹாஜியாரின்ர கடையில டெக்னீசியன். இருந்தது வெள்ளவத்தையில ஒரு அறையில. வடக்கில இருந்து வந்த தமிழனை மறிக்கிற எல்லாப் பொலிஸ்காரனுக்கும் ஒரே கேள்விதான்: ஏன் கொழும்பில நிக்கிறாய்? என்ர பதில், ஹாஜியார் சைன் வைச்ச கடிதம். மூண்டு மாசத்துக்கொருக்காப் புதுசு தருவார். அது இல்லாட்டி ஒண்டில் பொலிஸ் கூடு, ஒண்டில் ஊருக்குத் திருப்பி ஏத்துற வவுனியா பஸ். வேலைக்கு எடுக்கேக்கயே ஹாஜியார் சொல்லிப்போட்டார்: "மூணு பிழை உட்டா கடிதம் இல்ல."

பச்சை லைட்

வெள்ளவத்தையில ஒரு லொட்ஜ். முன்கட்டடத்தில இன்டர்நெட், ஒழுங்கை முடிவில பின்கட்டடம், அதில விசாவுக்குக் காத்திருக்கிற சனம். செப்புக் கம்பி நூறு மீற்றரோட களைச்சுப்போகும், கண்ணாடி இழை இழுத்து ரெண்டு பக்கமும் பெட்டி வைப்பம் எண்டு சொன்னன். ரெண்டு வகைப் பெட்டி காட்டினன். ஒண்டு, இழை அறுந்தால் தன்ர லைட்டையும் அணைச்சு உண்மையைச் சொல்லும். மலிவானது, என்ன நடந்தாலும் கொம்பியூட்டர் பக்கத்து லைட்டைப் பச்சையா எரிச்சுக்கொண்டிருக்கும். லொட்ஜ்கார அன்ரிக்கு எரியிறதுதான் பிடிச்சுது. நானும் வாய் திறக்கேல்லை. அது முதல் பிழை.

ரெண்டாம் கிழமை, உடுப்புக் காயப்போடுற கொடி அறுந்து விழுந்து, இழையையும் சேத்து இழுத்து அறுத்துப்போட்டுது. நான் ஓடிப்போய்ப் பாத்தால், ஒரு பிள்ளை பவுடர் பூசி, பூ வைச்சு, லண்டன் மாப்பிள்ளையோட கதைக்கவெண்டு கொம்பியூட்டருக்கு முன்னால இருந்து அழுறா. அன்ரி பெட்டியைக் காட்டி அவவைத் தேற்றுறா: "லைட் எரியுது பார் பிள்ளை, எங்கட பக்கம் சரி; பிழை லண்டனிலதான்!"

சந்தனம்

அடுத்தது கொட்டாஞ்சேனையில ஒரு அச்சகம். பூட்டி முடிச்சுப்போட்டு நான் வாயைப் பொத்திக்கொண்டு வந்திருக்கலாம். இழை செருகிற வட்ட ஓட்டையைக் காட்டி, "ஐயா, இதுதான் இந்த மிசினின்ர கண், இதுக்குள்ளாலதான் வெளிச்சம் வரும்" எண்டு பெருமையாச் சொன்னன். அது ரெண்டாம் பிழை. அச்சகக்கார ஐயா மலையகத்தில இருந்து வந்து முன்னேறின மனிசர், நல்ல பக்திமான். தலையாட்டிக் கேட்டார்.

ஆயுதபூசைக்கு அடுத்த நாள் போன் வந்துது. அச்சு மிசின், பேப்பர் வெட்டுற மிசின் எல்லாத்துக்கும் பொட்டு வைச்சவர், எங்கட பெட்டியில இழையைக் கழட்டி, ஓட்டைக்குள்ள சந்தனமும் குங்குமமும் நிறைச்சு, திரும்பப் பூட்டியும் விட்டிருக்கிறார். ஸ்பிரிட்டும் பஞ்சுமாய் ரெண்டு மணித்தியாலம் துடைச்சன். ம்ஹூம், அசையேல்லை. "கண்ணுக்குள்ள ஆரும் சந்தனம் வைப்பினமே ஐயா?" எண்டு எரிச்சலில கேட்டுப்போட்டன். ஐயாவுக்குக் கோவம் வந்திட்டுது: "கண்ணு எங்கன்னு சொன்னியே தம்பி, நெத்தி எங்கன்னு சொன்னியா?"

ஜோடி

ஒரே இழையில போகவும் வரவும் செய்யிற பெட்டி அப்ப புதுசு. அதில ஒரு பக்கம் ஏ வகை எண்டால் மற்றப் பக்கம் பி வகை இருக்கவேணும். ஏயும் ஏயும் சாகும்வரைக்கும் கதைக்காது. ஹாஜியார் சிங்கப்பூருக்கு ஓர்டர் குடுக்கேக்க இதைச் சொன்னன். "ஜோடிண்டா ரெண்டும் ஒண்டுபோலத்தான் ஈக்கணும், செருப்பப் பாரு" எண்டார். "செருப்பிலயும் இடது வலது இருக்குத்தானே ஹாஜியார்?" எண்டன். வாயை மூடச் சொன்னார். மூடினன்.

சாமான் வந்திறங்கிச்சுது. அவர் கேட்டபடியே அத்தனையும் ஏ. ஹாஜியார் பூட்டிப் பாத்தார், மாத்திப் பூட்டிப் பாத்தார், பிஸ்மி சொல்லியும் பூட்டிப் பாத்தார். என்ர கடிதம் வெள்ளிக்கிழமையோட முடியுது, அண்டைக்குச் செவ்வாய். கடைசியில என்னைப் பாத்துக் கத்தினார்: "நான் பிழை உடக்குள்ள நீ ஏன் தடுக்கல்ல? மூணாவது பிழையும் ஒன்டதான்! இந்தப் பெட்டியப் பேச வெச்சாத்தான் கடிதம்."

சலாம்

எதிர்ச்சாரியில நிஸ்தார் நானாவின்ர கடை. முஸ்லிம் ஆக்கள் மரியாதைக்கு அண்ணை எண்டு கூப்பிடுறதுதான் நானா. ஹாஜியாருக்கு மச்சான் முறை. ஒரு கலியாணத்தில, எல்லாரும் சுத்தியிருந்து சாப்பிடுற சஹன் தட்டில தனக்கு இடம் வைக்கேல்லை எண்டு நானா எழும்பிப் போனவர். ஆறு வருசமாப் பேச்சில்லை. தேத்தண்ணிக் கடையில நானாவின்ர ஆக்கள் புலம்பித்தான் தெரிய வந்துது: அதே சிங்கப்பூர்க்காரன் மிஞ்சின பி முழுக்க நானாவின்ர தலையில கட்டியிருக்கிறான்.

ஹாஜியாரிட்டச் சொன்னன். "அந்தக் கள்ளனுக்குச் செல்லு, பாதிய மாத்திக்கச் செல்லி" எண்டார். நான் ரோட்டைக் கடந்து, "ஹாஜியார் சலாம் சொன்னவர், சுகம் கேட்டவர்" எண்டன். "அந்தக் கஞ்சன் சுகம் கேக்க நான் என்ன மௌத்தாகவா, சாகவா கெடக்கிறன்?" எண்டார் நானா. திரும்பி வந்து, "நானா உங்கட சுகம் கேட்டவர்" எண்டன். இப்பிடி எட்டுத் தரம், இடையில ஏயையும் பியையும் மாத்துற கதையையும் சேத்துக்கொண்டு, மூட்டை சுமக்கிற நாட்டாமைமாரின்ர வண்டிலுகளுக்குள்ளால குறுக்க ஓடினன். ரெண்டு பேரும் ஒருக்கா நேர கதைச்சால் என்ர கதை முடிஞ்சுது.

பின்னேரம் நானாவே வந்தார், கக்கத்தில ஒரு பி. ஹாஜியாரின்ர ஏயோட பூட்டினன். ரெண்டிலயும் பச்சை! "சுகம் கேட்டீங்களாம்?" எண்டார் நானா. "நீயும் கேட்டியாமே?" எண்டார் ஹாஜியார். ரெண்டு பேரும் சேந்து என்னைப் பாத்தினம். நான் குனிஞ்சு, பூட்டின இழையைத் திரும்பவும் இறுக்கினன். ஹாஜியார் மேசை லாச்சியைத் திறந்து கடிதத்தாளை எடுத்து எழுதத் தொடங்கினார். நானா பேனையைப் பறிச்சார்: "பேசினது என்ட பெட்டியும்தானே, நானும் சைன் வெச்சு முத்திரை குத்தணும்!"

ரெண்டு முத்திரை

வெள்ளிக்கிழமை வெள்ளவத்தையில பஸ்ஸை மறிச்சு இறக்கினாங்கள். பொலிஸ்காரர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்தார். ஒரு ஆள், ரெண்டு கடை, ரெண்டு முத்திரை. கள்ளக் கடிதம் எண்டுதான் ஆரும் நினைப்பினம். பாவிகளே, ஒரு சைன் போதாதே எண்டு ரெண்டு பேரையும் மனசுக்குள்ள திட்டினன். "ரெண்டு முதலாளி எப்பிடி?" எண்டு சிங்களத்தில கேட்டார். "மச்சான்மார். கோவம். நடுவில நான்" எண்டு எனக்குத் தெரிஞ்ச சிங்களத்தில சொன்னன்.

அவர் கடிதத்தை நாலா மடிச்சு என்ர சேட்டுப் பொக்கெற்றில தானே வைச்சுவிட்டு, அரைத் தமிழில சொன்னார்: "அனே பவ், மல்லி, பாவம் தம்பி! எங்க வீட்டுல அம்மா ஒரு பக்கம், வைஃப் நோனா ஒரு பக்கம், நடுவுல நான். போ, போ."

ஆகையால சகோதரங்களே, ஒரு பக்கம் ஏ, மற்றப் பக்கம் பி எண்டு பாத்து வாங்குங்கோ. நடுவில நிக்கிறவனுக்கு மட்டும் எந்தக் கடையிலயும் வொறண்டி தாறதில்லை.