வெளிநாட்டுக் கம்பெனி எங்கள் ஊரில் என்னத்தைக் கண்டது?

வெளிநாட்டுக்காரர்களின் பழைய புத்தகங்களைப் பார்த்து அப்படியே கம்ப்யூட்டரில் டைப் அடித்துக் கொடுப்பது எங்கள் தொழில்; அதையே டேட்டா என்ட்ரி என்று சொன்னால் மாப்பிள்ளை வீட்டார் ஒரு வாய் காபி சேர்த்துக் குடிப்பார்கள்.

கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, கோட்டுப் போட்ட யாரோ வரப்போகிறார் என்று காலையிலிருந்து கால்கடுக்க நின்ற அனுபவம் உங்களுக்கு உண்டா? அப்படியென்றால் நீங்களும் நம்ம ஆள்தான். இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்களில், திண்டுக்கல்லில் பழைய புகையிலைக் கிட்டங்கி ஒன்றின் மாடியில் நான் டீம் லீடராக இருந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தூசி பட்டால் கம்ப்யூட்டருக்கு ஆகாது என்பது முதலாளியின் நம்பிக்கை. புகையிலை நெடி எங்களுக்கு ஆகுமா என்பது பற்றி அவருக்கு அபிப்பிராயம் எதுவும் கிடையாது.

ஆளெடுப்பு

ஆள் தேவை என்று விளம்பரம் கொடுத்ததும் எம்.ஏ. ஆங்கிலம் படித்தவர்கள் வந்து குவிந்தார்கள். ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தின் பக்கத்தைக் கொடுத்து டைப் அடிக்கச் சொன்னோம். படித்த கை சும்மா இருக்குமா? வாக்கியங்களையெல்லாம் தங்கள் பேராசிரியை மெச்சும்படி சீர்திருத்தி அடித்தார்கள். எங்கள் தொழிலில் மூலத்தில் தப்பு இருந்தால் தப்பாகவே அடிக்க வேண்டும், திருத்தினால் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

சின்னாளபட்டியிலிருந்து வந்த செல்வி பிளஸ் டூ. அவள் அப்பா தறி நெய்கிறவர். இங்கிலீஷ் ஒன்றும் புரியாது என்று கேட்பதற்கு முன்பே ஒப்புக்கொண்டாள். அவள்தான் பிழையில்லாமல் அடித்தாள். எம்.ஏ.க்களுக்காக நான் கொஞ்சம் பரிந்து பேசிப் பார்த்தேன். முதலாளி கையை ஆட்டி நிறுத்தினார்.

"புரிஞ்சு அடிக்கிற ஆளு நமக்கு வேணாம்மா. பாத்து அடிக்கிற ஆளு போதும்."

காரணம் எழுதும் படலம்

எங்களுக்கு வேலை கொடுத்துவந்த வெளிநாட்டுக் கம்பெனி, தென்னாட்டில் ஒரு சின்ன ஊரில் தானே ஒரு மையம் திறக்கப் போவதாகச் செய்தி வந்தது. பரிசீலனையில் மூன்று ஊர்கள். ஒன்று எங்களுடையது. நிர்வாகம் எங்கள் முதலாளியிடமே இருக்குமாம். அவர் எல்லோருக்கும் லட்டு கொடுத்து, "அவங்க வந்துட்டா எல்லாருக்கும் ஆர்டர்" என்று வாக்களித்தார். ஆர்டர் என்றால் இன்னார் இங்கே வேலை செய்கிறார் என்று கையெழுத்துப் போட்ட தாள். அதுவரை எங்களில் ஒருவரிடமும் அப்படித் துண்டுக் காகிதம்கூடக் கிடையாது.

லட்டைவிட அந்தத் தாளுக்காக ஏங்கியவள் செல்வி. மூன்று வருடம் வேலை பார்த்திருந்தாள். மெட்ராஸில் இதே வேலைக்குப் போய்க் கேட்டபோது, அனுபவத்துக்கு என்ன அத்தாட்சி என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆர்டர் கையில் வந்தால் அடுத்த பஸ் என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

ஏன் திண்டுக்கல் என்று காரணங்கள் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. முதல் காரணமாகக் கிளைமேட்டைப் போடச் சொன்னார் முதலாளி. சிறுமலைக் காற்று, படித்த இளைஞர்கள், நாலாபக்கமும் ரோடு என்று நானும் கூச்சமில்லாமல் அடுக்கினேன். ஊரின் தண்ணீர்ப் பஞ்சம் பற்றி மட்டும் மூச்சுவிடவில்லை. கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ரபி அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டே படித்தான்.

"ஏக்கா, இம்புட்டு நல்ல ஊருன்னா நம்ம பயலுக அம்புட்டுப் பேரும் ஏன் மெட்ராஸ் பஸ்ஸுல தொங்கிக்கிட்டுப் போறாய்ங்க?"

கரண்ட் போகாத நாள்

ஊரைப் பார்வையிட அந்தக் கம்பெனியிலிருந்து வந்தவர்கள் இருவர். உயரமான ஒரு அம்மாள், குறிப்பெடுக்க ஒரு இளைஞர். ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்ததும் புகையிலைக் காரத்தில் அந்த அம்மாள் தொடர்ந்து தும்மினார். "கிளைமேட் ஒத்துக்கல போல" என்று என் காதில் சொன்னார் முதலாளி.

அன்று ஒருநாள் மட்டும் கரண்டை நிறுத்த வேண்டாம் என்று லைன்மேனிடம் அவர் கெஞ்சி வைத்திருந்தார். அந்த மனிதரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஆனால் அந்த அம்மாள் பார்க்க விரும்பியதோ, கரண்ட் போனால் ஜெனரேட்டர் எப்படி எடுக்கிறது என்பதை. வருடம் முழுக்க அழையாமலே போகிற கரண்ட் அன்று போகவே மாட்டேன் என்றது. மெயினை இறக்கட்டுமா என்றான் ரபி. அது நாடகம் மாதிரி இருக்கும் என்று முதலாளி பக்கத்து அறைக்கு ஓடி, லைன்மேனுக்குப் போன் போட்டார். அவர் ஒட்டன்சத்திரத்துக்காரர். குரல் ரிசீவரைத் தாண்டி எங்களுக்கே கேட்டது.

"ஏனுங்க, நேத்து நிறுத்தாதீங்கன்னு கெஞ்சுனீங்க, இப்ப நிறுத்தச் சொல்றீங்க. எங்களையும் கொஞ்சம் மனுசனா மதிக்கோணுமுங்க."

செல்வி சொன்ன பதில்

என்ன கேட்டாலும் "இங்கே குடும்பம் மாதிரி இருக்கிறோம்" என்று சொல்ல வேண்டுமென ஒரு வாரம் ஒத்திகை நடந்திருந்தது. அந்த அம்மாள் நேரே செல்வியிடம் வந்து, மூன்று வருடமாக ஏன் வேலையை விடவில்லை என்று கேட்டார். நான்தான் மொழிபெயர்ப்பு. செல்விக்கு ஒத்திகை மறந்துபோய் உண்மை வந்துவிட்டது. "விட்டுட்டு எங்கிட்டுக்கா போறது? இந்த வேலைக்கு ஊருக்குள்ள இது ஒண்ணுதான இருக்கு. மெட்ராசுக்குப் போனா அத்தாட்சி கேக்குறாங்க" என்றாள்.

முதலாளியின் முகம் கறுத்தது. எனக்கு உள்ளூர ஒரே குஷி. மனுஷன் நன்றாக மாட்டிக்கொண்டார் என்ற நினைப்பில், அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த அம்மாள் முகம் சுளிப்பார் என்று எதிர்பார்த்தால், அது மலர்ந்தது. பக்கத்திலிருந்த இளைஞரிடம் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு முதலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"மற்ற ஊர்களில் வேலை பழகினதும் ஓடிவிடுகிறார்கள். இங்கே அந்தக் கவலையே இல்லை போலிருக்கிறதே."

ஆர்டர்

கம்பெனி வந்தது. வத்தலக்குண்டு ரோட்டில் கண்ணாடி வைத்த கட்டடம், இங்கிலீஷில் போர்டு. செருப்போடு உள்ளே போகலாம். போர்டு வந்தது, ஏசி வந்தது, முதலாளிக்குச் சுழல் நாற்காலிகூட வந்தது. ஆர்டர் வரவில்லை. "அக்கா, கேட்டீகளா?" என்று செல்வி பார்க்கும்போதெல்லாம் கேட்பாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டு முகத்தை மட்டும் பார்ப்பாள். அது எனக்குத் தாங்கவில்லை. ஒருநாள் வயிற்றெரிச்சலோடு முதலாளியின் அறைக்குள் போய், கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. உட்காரச் சொன்னார். எனக்கு டீ வரவழைத்தார். மந்தமான பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற பொறுமையோடு பேசினார்.

"ஆர்டரக் குடுத்தா அதக் காட்டி மெட்ராஸ்ல வேலை வாங்கிட்டுப் போயிருவாளுகம்மா. போக எடமில்லாத புள்ளைகன்னுதான அவங்க இங்க வந்ததே. நீதான இங்கிலீஷ்ல எடுத்துச் சொன்ன?"

உலகக் கம்பெனிகள் ஏன் சின்ன ஊர்களைத் தேடி வருகின்றன என்று மேடை போட்டுப் பேசுகிறவர்கள் கிளைமேட், திறமை, ரோடு என்று ஆயிரம் சொல்லட்டும், எங்கள் ஊருக்கு வந்த கம்பெனி செல்விக்கு வேறு போக்கிடம் இல்லை என்பதற்காகத்தான் வந்தது.