விமானம் ஏறாத ரத்தம்

"இந்த முறை அனுப்ப மாட்டேன் சார்" என்று நான் சொன்னதும் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் வந்தால் அதுதான் அவர் வழக்கம். தொண்ணூறுகளின் பிற்பாதி. மைசூரில் எங்கள் மரபணு ஆய்வகம் என்று பெயர்தான் பெரிது. ரத்தம் எடுப்போம், ஐஸ் பெட்டியில் அடுக்குவோம், வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவோம். முந்தைய வருடம் அனுப்பியதை வைத்து அவர்கள் கட்டுரை வெளியிட்டார்கள். கடைசி வரியில் எங்களுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். ரத்தம் கொடுத்தவர்களுக்கு ஒரு பதிலும் வரவில்லை.

அந்தப் பதிலுக்காக ஒரு பெண் மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தாள். ஹனூர்ப் பக்கத்தில் தமிழ் பேசும் விவசாயக் குடும்பம். கொள்ளேகாலில் பஸ் மாறி வருவாள், இடுப்பில் இரண்டு வயது மகன். உட்கார வைத்தால் சாய்ந்துவிடுவான், கால்கள் துவண்டு தொங்கும். அத்தை மகனைக் கட்டியிருந்தாள், அத்தையே மாமியார். கர்ப்பத்தில் கிரகணத்தன்று இவள் வெளியே போனதால்தான் பிள்ளை இப்படிப் பிறந்தது என்று அந்த வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். புருஷனுக்கு வேறு பெண் பார்க்கவும் தொடங்கியிருந்தார்கள்.

"ஏனுங்க மேடம், ரிசல்ட்டு வந்துச்சுங்களா?" என்பாள். இல்லை, இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கே என்மேல் வெறுப்பு வந்துவிட்டது.

"மெஷின் இல்லாம எப்படிம்மா பண்ணுவே?" என்றார் பேராசிரியர். நியாயமான கேள்விதான். டி.என்.ஏ.வில் நமக்கு வேண்டிய துண்டைப் பல மடங்கு பெருக்கினால்தான் கண்ணுக்குத் தெரியும். அதற்கு அதை மூன்று விதமான சூட்டில் மாற்றி மாற்றி முப்பது சுற்று வைக்க வேண்டும். அதைத் தானாகச் செய்யும் கருவி எங்களிடம் இல்லை.

"மூணு தொட்டி வெந்நீர், ஒரு கடிகாரம், என் கை. போதும் சார்."

"எக்கேடோ கெட்டுப் போ" என்றார். அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டேன்.

பையனின் டி.என்.ஏ.வை ஒரு குழாயிலும், ஒப்பிட்டுப் பார்க்க என்னுடையதை இன்னொன்றிலும் வைத்துத் தொடங்கினேன். பதினேழாவது சுற்றில் கரண்ட் போனது. அன்றைக்கும் வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தவள் நான் திட்டுவதைக் கேட்டு எட்டிப் பார்த்தாள்.

"சூடு ஆறப்படாதுங்களா? தள்ளுங்க."

கல்யாணத்துக்கு முன் கொள்ளேகாலில் பட்டு நூல் எடுக்கும் இடத்தில் வேலை பார்த்தவள். பட்டுக்கூடு வேகும் தண்ணீரின் பதம் அவளுக்கு அத்துப்படி. மகனை பெஞ்சில் படுக்கவைத்துவிட்டு, நாங்கள் டீ போடும் மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்தாள். குவளை குவளையாக வெந்நீர் ஊற்றி, தெர்மாமீட்டரில் நான் காட்டிய கோடு இறங்காமல் மூன்று தொட்டியையும் பார்த்துக்கொண்டாள். நான் குழாய்களை மாற்றிக்கொண்டே இருந்தேன். கரண்ட் வந்தபோது இருபத்தாறாவது சுற்று முடிந்திருந்தது.

மறுநாள் பெருகிய துண்டுகளை ஜெல்லில் ஓட்டிப் பார்த்தேன். எனக்கு இரண்டு பட்டைகள் தெரிந்தன. பையனுக்குக் கீழ்ப்பட்டை மட்டும்தான், நோயில்லாதவர்களுக்கு இருக்கும் மேல்பட்டை இல்லை. நம்பாமல் இன்னும் இரண்டு முறை செய்தேன். அப்போதும் இல்லை. உட்கார்ந்து அழுதேன். வெளிநாட்டு ஆய்வகத்தின் துணையில்லாமல் கண்டுபிடித்துவிட்டோம் என்ற திமிரும் அந்த அழுகையில் இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

அடுத்து வந்தபோது சொன்னேன். நரம்பு நோய், இதற்கு மருந்து இல்லை. மகனின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"கிரகணமுங்களா?"

"இல்லவே இல்ல. அம்மாகிட்ட இருந்து ஒரு குறை, அப்பாகிட்ட இருந்து ஒரு குறை. ரெண்டும் சேர்ந்தாத்தான் இந்த நோய் வரும்."

"அவருகிட்ட இருந்துமுங்களா?"

"ஆமா. சரிபாதி."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எழுதிக் குடுங்க. கன்னடத்துல எழுதுங்க, எங்கூட்டுல எல்லாரும் படிப்பாங்க."

நாம் ஆஸ்பத்திரி இல்லை, ரிப்போர்ட் கொடுக்க நமக்கு அதிகாரம் இல்லை என்றார் பேராசிரியர். ரத்தத்தை வாங்க மட்டும் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிட்டு, ஆய்வகத்தின் தாளை எடுத்து எழுதினேன். தாயிடமிருந்து பாதி, தகப்பனிடமிருந்து பாதி. கையெழுத்துப் போட்டு, அவர் மேசையில் இருந்த முத்திரையை எடுத்துக் குத்தினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவள் விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். பிறகு தாளைத் திருப்பி என்னிடமே நீட்டினாள்.

"அவரு பாதிய மொதல்ல போடுங்க."

புதுத் தாள் எடுத்து அப்படியே எழுதி, இன்னொரு முறை முத்திரை குத்தினேன்.