கூமுக்குக் கொடுத்த வால்வு ஸ்பிரிங்

மிலுன் டவுன் பஸ் ஓட்டுகிறவன். பஸ்ஸில் பார்த்தால் பரம சாது. கிழவிகள் ஏறி உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொள்ளும்வரை கிளட்சை விடமாட்டான். வளைவுகளில் நின்றுகொண்டிருப்பவர்கள் கம்பியைப் பிடிக்கவே தேவையிருக்காது. இதே மனுஷன் ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஒரு யூகோ காரை மலைப்பாதையில் விரட்டுகிறான் என்று சொன்னால் அந்தக் கிழவிகள் சிலுவை போட்டுக்கொள்வார்கள்.

அவனுக்கு ஒரே ஒரு ஆசைதான். மே மாதம் நடக்கும் மலையேற்றப் பந்தயத்தில் ஒருதரமாவது புதிமிருக்கு முன்னால் வரவேண்டும்.

புதிமிர் பேக்கரிக்காரன். மிலுனின் கல்யாணத்துக்குச் சாட்சி நின்றவன், அவன் மகளுக்குப் பெயர் வைத்த ஞானத்தகப்பன். செர்பியாவில் எங்கள் பக்கம் அப்படிப்பட்டவனைக் கூம் என்போம். அண்ணன் தம்பி கோர்ட் வாசல் ஏறலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கூம் கேட்டதை இல்லை என்றால் ஊரே காறித் துப்பும். "கூம் என்ன சட்டைப் பொத்தானா?" என்று ஒரு சொலவடையே இருக்கிறது, அறுந்தால் வேறொன்று தைத்துக்கொள்ள முடியாது என்பதற்காக.

புதிமிர் ஓட்டுவதும் யூகோதான். வருடா வருடம் முடிவுப் பலகையில் அவன் பெயர் முதலில், மிலுன் பெயர் அடுத்து. மற்றவர்கள் எல்லாம் வெகுதூரம் கீழே.

"என் பேருக்குக் கீழே உன் பேர் இருந்தாத்தான்டா கூமே, போர்டே பார்க்க லட்சணமா இருக்கு," என்று புதிமிர் முதுகில் ஒரு அறை வைப்பான். மிலுனும் சிரிப்பான். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரிடமும் பேசமாட்டான்.

போன குளிர்காலத்தில் அவன் இன்ஜினைக் கழற்றிக் கராஜ் மேஜைமேல் போட்டான். அவர்கள் ஓடும் பிரிவில் டர்போ கூடாது என்பது விதி. காற்றை ஊதி உள்ளே தள்ளக்கூடாது, இன்ஜின் தன் மூச்சைத் தானே இழுத்துக்கொள்ளவேண்டும். அப்படியானால் உள்ளே இருப்பவற்றை மாற்றுவதைத் தவிர வழியில்லை. பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவையை இன்னும் இறுக்கி நெருக்க, தலை மேடான பிஸ்டன்கள் வந்தன. வால்வுகளைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கும் கேம் ஷாஃப்ட் வந்தது. பிஸ்டன்களைத் தாங்கும் கனெக்டிங் ராடுகளைத் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கும் அளவுக்கு மினுக்கினான். ஒரு சின்னக் கீறல் இருந்தாலும் விரிசல் அங்கேதான் பிடிக்கும் என்பது அவன் வேதம். ராட் போல்ட்டுகளைக்கூட விட்டுவைக்கவில்லை, எல்லாம் புதுசு.

நான்கு ராடுகளும் எடையில் ஒன்றுபோல இருக்கவேண்டும், இல்லாவிட்டால் வேகத்தில் இன்ஜின் உதறும். வீட்டில் கிராம் கணக்காகக் காட்டும் தராசு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அவன் மனைவி ரோஸாந்தா கேக்குக்கு மாவு நிறுக்கும் தராசு.

"வால்நட் கேக்குல இரும்பு வாடை அடிக்குது," என்றாள் ரோஸாந்தா ஒருநாள்.

"துடைச்சிட்டுத்தானே வெச்சேன்."

"எதை? தராசையா, உன் ராடையா?"

"ராடை."

"நல்லா இருக்கும் உன் வம்சம். அதுக்குத் தலை வாரிப் பொட்டு வைக்காத குறைதான்."

எல்லாவற்றிலும் அவன் உயிரை வைத்திருந்தது வால்வு ஸ்பிரிங்குகள்மேல். இன்ஜின் உச்ச வேகத்தில் சுற்றும்போது திறந்த வால்வு பட்டென்று மூடவேண்டும். ஸ்பிரிங் தளர்ச்சியாக இருந்தால் வால்வு ஆடி அசைந்து வரும், அதற்குள் பிஸ்டன் மேலே வந்து இடித்துவிடும். இவன் போட்டிருப்பதோ மேட்டுத்தலைப் பிஸ்டன். இடித்தால் இன்ஜினை அள்ளிப் பழைய இரும்புக்குப் போடவேண்டியதுதான். அதனால் இத்தாலிக்கு பஸ் ஓட்டும் நண்பனிடம் சொல்லிவைத்து, நல்ல முறுக்கான ஸ்பிரிங்குகளை வரவழைத்தான். எட்டு வால்வுக்கும் எட்டு. எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பிரித்துக் காட்டினான்.

பந்தயத்துக்கு முந்தின வாரம் புனித ஜார்ஜ் திருநாள் வந்தது. மிலுன் குடும்பத்துக்கு அவர்தான் காவல் புனிதர், அன்றைக்கு வீட்டில் ஸ்லாவா என்கிற குடும்பத் திருவிழா. அந்த நாளில் ஸ்பானரைத் தொடக்கூடாது. யாரையும் அழைப்பதும் கிடையாது, வந்தவரைத் திருப்பி அனுப்புவதும் கிடையாது. ஸ்பிரிங்குகளை மறுநாள் மாட்டிக்கொள்ளலாம் என்று மிலுன் கராஜைப் பூட்டிவிட்டுச் சட்டை மாற்றிக்கொண்டான்.

புதிமிர் பெரிய ரொட்டியோடு வந்தான். மெழுகுவத்தி ஏற்றி, ரொட்டியைப் பிட்டு, வேகவைத்த கோதுமையை ஆளுக்கொரு கரண்டி வாயில் போட்டு, கோஸ் இலையில் கறியைச் சுருட்டிய சர்மாவும் வறுத்த பன்றியும் வந்து, ரகியா என்கிற பிளம் சாராயம் மூன்று சுற்று ஓடியபிறகு அவன் மெல்ல வாயைத் திறந்தான்.

"கூமே, நேத்துப் பயிற்சியில என் ஸ்பிரிங் ரெண்டு போயிடுச்சு. கடையில கேட்டா அடுத்த மாசம் வான்னு சொல்றான். உன் பழசு ஏதாவது கிடந்தா குடேன்."

"பழசுதானே? தாராளமா எடுத்துக்கோ," என்றான் மிலுன். உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் சொன்னான்.

மேஜைக் கோடியில் ரோஸாந்தாவின் மாமா உட்கார்ந்திருந்தார். மூன்று சுற்றை ஐந்தாக்கிக்கொண்டவர். "கூமுக்குப் பழசா?" என்றார், ஏதோ நாயை உதைத்ததைப் பார்த்தவர் மாதிரி. "அதுவும் ஸ்லாவா அன்னிக்கா? எங்க காலத்துல கூமுக்குக் கறியில முதல் துண்டை வெப்போம். எலும்பைப் பொறுக்கி வெக்கமாட்டோம்."

எல்லாக் கண்களும் மிலுன் பக்கம் திரும்பின. மிலுனுக்குக் காது சூடாகிவிட்டது. ரகியா வேறு உள்ளேயிருந்து "எழுந்திரு, ஆம்பளை" என்றது. எழுந்தான், கராஜுக்குப் போனான், எண்ணெய்க் காகிதப் பொட்டலத்தைக் கொண்டுவந்து எல்லார் முன்னாலும் புதிமிர் தட்டுக்குப் பக்கத்தில் டங்கென்று வைத்தான்.

"புதுசு. எட்டும் உனக்கு."

"டேய், வேண்டாம்டா. பழசே போதும்."

"கூம் என்ன சட்டைப் பொத்தானா?"

கைதட்டல் வந்தது. மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரோஸாந்தா மட்டும் சர்மாப் பானையோடு அப்படியே நின்றாள்.

மறுநாள் காலை ரகியா இறங்கியதும் மிலுன் தலையில் கைவைத்துக்கொண்டான். ரோஸாந்தா காபியை நீட்டினாள். "நீ குடுத்தது கூமுக்கா, மாமாவுக்கா?" என்றாள். அவன் காபியை வாங்கி ஊதினான். நான் சொல்கிறேன், மாமாவுக்குத்தான்.

கொடுத்தது கொடுத்ததுதான். பழைய ஸ்பிரிங்குகளை மாட்டினான். ஆறாயிரத்து ஐந்நூறு சுற்றுக்குமேல் போனால் ஆபத்து என்று மீட்டர் கண்ணாடியில் அந்த இடத்தில் சிவப்பு டேப் ஒட்டினான். குளிர்காலம் முழுக்க உழைத்தது அந்த டேப்புக்கு அப்புறம் வரும் வேகத்துக்குத்தான். டேப்பை ஒட்டும்போது அழுகை வந்தது, அழுதான். பிறகு புதிமிருக்குப் போன் போட்டான்.

"கவனமாக் கேளு. ஸ்பிரிங் புதுசுன்னு மிதிக்காதே. உன் ராடும் போல்ட்டும் பழசு. ஏழாயிரத்தைத் தாண்டினா தாங்காது."

"சரிங்கம்மா," என்றான் புதிமிர்.

பந்தயத்தில் கார்கள் இடைவெளி விட்டு ஒன்றொன்றாக மலை ஏறும். இரண்டு முறை ஓடி, எது குறைந்த நேரமோ அது கணக்கு. முதல் ஓட்டத்தில் புதிமிரின் கார் ஊரே கேட்கும்படி கத்திக்கொண்டு ஏறியது. மிலுன் சிவப்பு டேப்பைப் பார்த்துப் பார்த்து ஓட்டினான். பலகையில் வழக்கம்போல முதல் பெயர், இரண்டாம் பெயர். ஆனால் நடுவே இருந்தது ஒரு விநாடிகூட இல்லை.

இரண்டாவது ஓட்டத்துக்குப் புதிமிர் முதலில் கிளம்பிப் போனான். தன் முறைக்குக் காத்திருந்தபோது மிலுனுக்கு ஒன்று புரிந்தது. மிதிக்கமுடியாத வண்டியைத்தான் அவன் தினமும் ஓட்டுகிறான். கிளம்பியதும் கியரைச் சீக்கிரமே மாற்றினான், வளைவுக்கு முன்பே மெதுவாக்கி, உள்ளே போனபின் பிரேக்கைத் தொடாமல் உருளவிட்டான். கிழவிகள் பின்னால் நிற்பதாக நினைத்துக்கொண்டான். புது பிஸ்டன்களின் நெருக்கலில் இன்ஜின் கீழ்ச் சுற்றிலேயே இழுத்தது. வளைவுகள் ஒவ்வொன்றும் எதிர்பார்த்ததைவிட முன்னாலேயே வந்தன. ஜெயித்துக்கொண்டிருக்கிறோம் என்று அவனுக்குத் தெரிந்தது. தொண்டையைத் திறந்து பாடவே ஆரம்பித்துவிட்டான்.

தேவாலய வளைவைத் தாண்டியதும் புகை தெரிந்தது. புதிமிரின் கார் புல்லில் ஒதுங்கி நின்றது. கொடிக்காரர் பார்த்துப் போ என்று மஞ்சள் கொடி ஆட்டினார். ஓரத்தில் புதிமிர் மண்டிபோட்டு, இரண்டு கைகளையும் தலைக்குமேல் வீசிக்கொண்டிருந்தான். வாய் அகலத் திறந்திருந்தது, என்ன சொல்கிறான் என்று கேட்கவில்லை.

மிலுனின் கால் தானாகப் பிரேக்கில் இறங்கியது. பாட்டு, கோப்பை, பலகை எல்லாம் போன இடம் தெரியவில்லை. காரைவிட்டு இறங்கி ஓடினான்.

"எங்கேடா அடி? நெஞ்சு வலிக்குதா? சொல்லித்தொலை!"

"நெஞ்சாவது மண்ணாவது! ஏண்டா நிறுத்தினே, கழுதை!"

"கூப்பிட்டியே!"

"கூப்பிட்டேனா? போ போன்னு கத்தறேன்டா! நீ வர்ற சத்தத்தைக் கேட்டே தெரிஞ்சுபோச்சு, இன்னிக்கு நீதான்னு! உனக்காகக் குதிச்சிட்டு இருந்தேன், கால் வழுக்கி முட்டி போட்டு விழுந்துட்டேன்! ஓடு, ஓடித்தொலை!"

மிலுன் ஓடினான். நேரம் அவனுக்கு முன்பே ஓடிவிட்டிருந்தது. பாதிவழியில் ஒரு விநாடிக்குமேல் முந்தி இருந்தாய் என்று நேரம் குறித்தவர் சொன்னார். தடை எதுவும் அறிவிக்கவில்லையே, நீயாகத்தானே நின்றாய், மறு ஓட்டம் கிடையாது என்றும் அவரே சொன்னார். முதல் ஓட்ட நேரத்தில் கோப்பை புதிமிருக்கே போனது. பந்தயம் பார்க்க வந்திருந்த ரோஸாந்தாவையும் கூட்டிக்கொண்டு இருவரும் புல்லில் நின்ற காரிடம் வந்தார்கள்.

"எட்டாயிரம் போயிட்டேன்," என்றான் புதிமிர், இன்ஜின் பிளாக்கில் விழுந்திருந்த ஓட்டையைக் காட்டி. "உன் நேரம் கிட்டக்க வந்துட்டதைப் பார்த்ததும் புத்தி கெட்டுப்போச்சு. ராட் வெளியே வந்து என்னை எட்டிப் பார்த்துச்சுடா. உன் ஸ்பிரிங் எட்டும் பத்திரமா இருக்கு, எடுத்துக்கோ." கொஞ்சம் தயங்கி, "உன்கிட்ட பழைய பிளாக் ஏதாவது..." என்று ஆரம்பித்தான்.

"கூமே, வாயை மூடுங்க!" என்று பாய்ந்தாள் ரோஸாந்தா. "இவன் புதுசைக் குடுத்துடுவான்!"

மூன்று பேரும் சாலையோரத்தில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பிறகு மிலுன் கயிற்றை எடுத்துத் தன் காரின் பின்னால் புதிமிரின் காரைக் கட்டினான். ஊருக்குள் இறங்கும்போது ஜனங்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு புதிமிர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினான்.

"எல்லாரும் பார்த்துக்குங்க! இன்னிக்கு என் கூம்தான் முன்னாடி!"

மிலுன் ஊர் முழுக்க ஹாரனை அடித்துக்கொண்டே போனான். வீடு வந்தது, நிறுத்தவில்லை. இன்னொரு சுற்று போனான்.