சந்தேகக்காரர்களின் கப்பலில் ஒரு சம்பந்தம்

பேய், ஜோசியம், திருஷ்டி, தாயத்து, வாஸ்து என்று எதையும் நம்பாதவர்கள் மட்டும் ஏறுகிற கப்பல் ஒன்று கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குப் போகிறது, நாமும் போகிறோம் என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது நான் கடையில் ஏலக்காய் சலித்துக்கொண்டிருந்தேன். நம்பாமல் இருப்பதற்குப் போடிநாயக்கனூரில் இடம் போதவில்லையா, நடுக்கடலுக்குப் போய்த்தான் நம்பாமல் இருக்க வேண்டுமா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

அவர் அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏலக்காய்க் கடை என் அப்பா வழியில் வந்தது, நான்தான் பார்க்கிறேன். கடைக்கு மேல்மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவருடைய பகுத்தறிவு வட்டம் கூடும். கடவுள் இல்லை என்று முடிவு செய்வதற்கு அவர்களுக்கு வாரா வாரம் என் ஏலக்காய் டீ வேண்டும். போன வாரமே இல்லை என்று ஆகிவிட்டவர் இந்த வாரம் எந்த பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார் என்று கேட்டால் இவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும்.

நான் கப்பலுக்குச் சம்மதித்தது என் மகளுக்காக. மதுரையில் வேலை பார்க்கிறாள், முப்பதை நெருங்கிவிட்டாள். இதுவரை எங்களிடம் இது வேண்டும் அது வேண்டும் என்று கேட்டதில்லை. போன தீபாவளிக்கு வந்தவள், சுவரைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு அவரப் பிடிச்சிருக்கும்மா" என்றாள். அந்தப் பையனின் அப்பா ஒரு பேராசிரியர். ஜோசியத்தை எதிர்த்து மேடை மேடையாகப் பேசுகிறவர். கப்பலிலும் அவர்தான் முக்கியப் பேச்சாளர். சம்சாரத்தையும் மகனையும் கூட்டிக்கொண்டு வருகிறார், அங்கேயே உட்கார்ந்து பேசி முடித்துவிடலாம் என்று ஏற்பாடு. என் பிள்ளைக்கு இந்தக் கல்யாணம் நடக்க வேண்டும் என்பது தவிர எனக்குக் கடலில் வேறு சோலி கிடையாது.

கிளம்புகிற அன்று ஜீப்பு விடியற்காலையிலேயே வாசலில் வந்து நின்றது. இவர் ஏற மறுத்துவிட்டார். எந்த நல்ல காரியத்தையும் ராகு காலத்தில்தான் தொடங்குவது என்பது வட்டத்தின் வழக்கம். அதற்காக எங்கள் வீட்டில் தினசரி நாள்காட்டியைப் பார்க்கிற பார்வையை எந்தக் குருக்கள் வீட்டிலும் பார்க்க முடியாது. அன்று வெள்ளிக்கிழமை, பத்தரைக்குத்தான் ராகு காலம். ராகு காலத்தை நம்புகிறவன் அது முடிய ஒன்றரை மணி நேரம் காத்திருப்பான். நம்பாத இவர் அது தொடங்குவதற்காகக் காலையிலிருந்து பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, வெரசா வாங்க. மெட்டுல லோடு வண்டி மாட்டுச்சுன்னா கப்பலு கைகாட்டிட்டுப் போயிரும்" என்று டிரைவர் கத்திப் பார்த்தான். பத்தரை அடித்ததும் இவர் வெற்றி வீரர் மாதிரி முன்சீட்டில் ஏறினார். போடிமெட்டு வளைவுகளில் டிரைவர் ஓட்டிய ஓட்டத்தில் நானும் மகளும் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டோம். இவரும் உதட்டை அசைத்தார். என்னவென்று கேட்டதற்கு, வளைவுகளை எண்ணினேன் என்றார்.

கப்பலைப் பிடித்துவிட்டோம். ஒரு தெருவையே தூக்கித் தண்ணீரில் வைத்தது போல இருந்தது. கரை மறைந்ததும் சந்தேகக்காரர்கள் ஒவ்வொருவராகக் குடலைப் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தார்கள். மலைப்பாதையில் வாந்திக்கு ஏலக்காயை வாயில் அடக்கிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். பாவமாக இருக்கிறதே என்று ஒருவருக்கு நாலு காய் கொடுத்தேன்.

"இதுக்கு ஆதாரம் இருக்காம்மா?" என்று கேட்டார், வாந்தி எடுத்துக்கொண்டே.

"முதல்ல பையச் சரியாப் பிடிங்க, ஆதாரம் என் செருப்புல விழுது" என்றேன்.

மறுநாள் காலையிலிருந்து சொற்பொழிவுகள். ஒருவர் வெறுங்கையில் விபூதி வரவழைத்துக் காட்டி, பாருங்கள், இது வெறும் தந்திரம் என்றார். கூடம் அதிரக் கைதட்டினார்கள். தரையில் சிந்திய விபூதியை மிதித்துவிடாமல் எத்தனை பேர் சுற்றிக்கொண்டு போனார்கள் என்பதை நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். பேய்களைப் பற்றிப் பேசியவர் விளக்கை அணைத்தபோது கூடத்தில் பல பேருக்கு ஒரே நேரத்தில் இருமல் வந்தது.

ஆனால் பேராசிரியர் பேசினால் பேச்சுத்தான், அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. திரையில் பன்னிரண்டு கட்டம் போட்டார். "என் மகன் கல்யாணத்துல செவ்வாய்க்கு என்ன சோலி? பத்திரிகை கூட வைக்கலயே!" என்றார். சிரிப்பு அடங்க நேரமானது. என் வீட்டுக்காரர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மேடையோரத்தில் படங்களை மாற்றிக்கொண்டிருந்த பையனைப் பார்த்துக்கொண்டே என் மகள் சிரித்தாள். நல்ல இடம், பிள்ளை கொடுத்து வைத்தவள் என்று எனக்கும் மனசு நிறைந்துவிட்டது.

அன்று மத்தியானம் தீவில் இறக்கினார்கள். பெரிய கப்பல் தள்ளி நின்றுகொள்ள, சின்னப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோனார்கள். "சேச்சி, சூக்ஷிச்சு" என்று படகுக்காரர் கையை நீட்டினார். பார்த்து இறங்கு என்கிறார். மலைத் தோட்டங்களோடு வியாபாரம் செய்கிற எனக்கு அந்த மலையாளம் கேட்டதும்தான் மூச்சே வந்தது. தண்ணீர் கண்ணாடி. முழங்கால் ஆழத்தில் மீன்கள் காலைக் கடித்துப் பார்த்தன. பிள்ளைகள் இருவரும் தூரத்தில் சங்கு பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பேராசிரியரின் சம்சாரம் கப்பலிலேயே தங்கிவிட, நானும் இவரும் பேராசிரியரும் வேட்டி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே சம்பந்தம் பேச ஆரம்பித்தோம். சீர் வேண்டாம், மண்டபம் வேண்டாம், மாலை மாற்றினால் போதும் என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். எனக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"சார், எனக்கு இதுல நம்பிக்கை கிடையாதுன்னு உங்களுக்கே தெரியும். ஆனா வீட்டுல அவளுக்கு ஒரு திருப்தி வேணும்ல? பாப்பா ஜாதகம் மட்டும் கொடுத்துட்டீங்கன்னா, சும்மா பேருக்குப் பார்த்துட்டு முடிச்சுரலாம்."

இது எனக்குப் புதிதில்லை. எங்கள் வட்டத்திலும் ஜீப்பு முன்னால் எலுமிச்சம்பழம் தொங்கினால் சம்சாரம் கட்டச் சொன்னது. புது வீட்டில் ஹோமப் புகை வந்தால் அவள் ஆசைப்பட்டது. போடியில் இருக்கிற அத்தனை தெய்வமும் பொண்டாட்டிமார் பேரில்தான் பதிவாகியிருக்கிறது. நிலம் வீடுகூட அவ்வளவு எங்கள் பேரில் இல்லை.

ஆனால் என் வீட்டுக்காரர் அந்த ரகம் இல்லை. அவர் பைத்தியம் முழுப் பைத்தியம். மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாக் கடிகாரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். நேரம் சொல்ல வந்த நர்சை, வாயைத் திறக்காதீங்க, நேரம் தெரிஞ்சா எவனாவது ஜாதகம் எழுதிருவான் என்று திருப்பி அனுப்பிவிட்டார். உள்ளே நான் இருந்த இருப்பில் கடிகாரம் பார்க்கிற நிலைமை எனக்கில்லை. அதனால் என் பிள்ளை எத்தனை மணிக்குப் பிறந்தாள் என்பது இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஊர் உலகத்தில் எந்த அப்பனாவது செய்கிற காரியமா இது?

இதைப் பேராசிரியரிடம் இவர் பெருமையாகத்தான் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் குரல் இறங்கிவிட்டது. பேராசிரியர் அசரவில்லை.

"தேதி தெரியும்ல? தோராயமா ஒரு நேரம் வச்சு லக்னம் பிடிச்சிரலாம் சார். சின்ன வயசுல அடிபட்டது, அம்மை போட்டது இதையெல்லாம் கேட்டுத் திருத்திக்குவாங்க. அதுக்கு ஒரு முறை இருக்கு" என்றார்.

நம்பாதவருக்கு இவ்வளவு நுணுக்கம் தெரிந்திருக்கிறதே, எல்லாம் படிப்புதான் என்று நினைத்துக்கொண்டேன்.

கப்பலுக்குத் திரும்பியதும் இவர் சாயங்காலச் சொற்பொழிவுக்குப் போகவில்லை. மேல்தளத்தில் ஒரு நாற்காலியில் போய்ச் சாய்ந்துவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கடலைப் பார்த்துக்கொண்டே, "போடிக்குப் போனதும் எழுதிருவோம்" என்றார்.

"என்னத்தை?"

"ஜாதகத்தத்தான். சங்கு பொறுக்கையில பிள்ள முகத்தப் பார்த்தியா? அந்த மாதிரிச் சிரிச்சு நான் பார்த்ததில்ல. என் கொள்கை என்னோட கிடக்கட்டும்."

கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் ஒருநாளாவது தோற்று நிற்க மாட்டாரா என்று நான் காத்திருந்தது உண்மை. தோற்றுவிட்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அவர் பிடிவாதத்தின் மேல் எனக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்பதே அப்போதுதான் தெரிந்தது. அதற்குள் அவரே கெடுத்தார்.

"ஆனா ஜோசியர் வீட்டு வாசப்படியெல்லாம் நான் மிதிக்க முடியாது. நீ போ" என்றார்.

மறுநாள் காலையில் பேராசிரியரின் சம்சாரம் தளத்தில் தனியாக நின்று கடலுக்குள் வெறித்துக்கொண்டிருந்தார். அதிகம் பேசாத பெண்மணி. காரியத்தை முடித்துவிடலாம் என்று பக்கத்தில் போனேன்.

"மதினி, ஜாதகம் யாருகிட்ட எழுதணும்? உங்களுக்கு வாக்கியப் பஞ்சாங்கமா, திருக்கணிதமா? எது திருப்தின்னு சொன்னீங்கன்னா அதுலயே எழுதிக் கொண்டாறேன்" என்றேன்.

"எந்த ஜாதகம்?" என்றார்.

"நீங்க கேட்டதாச் சொன்னாங்களே."

"நானா?" என்று சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. "எங்க வீட்டு வாசல இடிச்சு மாத்துனாரு, எனக்காகன்னாரு. மகன் வேலைக்குச் சேர்ற நாளத் தள்ளி வச்சாரு, அதுவும் எனக்காகன்னாரு. நான் வெள்ளிக்கிழமை வெளக்குப் போடுவேன், அவ்வளவுதான் மதினி. கட்டத்துல எது தலை எது வாலுன்னுகூட எனக்குத் தெரியாது. அவரு கூட்டத்து ஆளுக என்னயப் பார்க்குற பார்வை இருக்கே, இப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு இப்படி ஒரு பட்டிக்காட்டுப் பொண்டாட்டியான்னு. அதத்தான் தாங்க முடியல."

அடியாத்தி என்றேன். "தம்பிக்கு இது தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாம என்ன? ஜோசியருக்குப் போன் போட்டு நேரம் வாங்குறதே அவன்தான்" என்றார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் கல்யாணம் நடந்துவிடும். அதற்காகத்தானே கப்பல் ஏறினேன்? பையன் நல்லவன், குடியில்லை, கோபமில்லை, என் பிள்ளையைக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொள்வான். இதையெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு சாப்பாட்டுக் கூடம் வரைக்கும் போனேன். அங்கே மகள் இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தாள். அந்த மதினியின் பாதிச் சிரிப்பு என்னைவிட்டுப் போகவில்லை. கேட்டதைக் கேட்டபடி அவளிடம் கொட்டிவிட்டேன்.

அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். நானும் பின்னாலேயே போய்ப் படிக்கட்டு ஓரத்தில் நின்றேன். வெட்கப்படவில்லை, என் பிள்ளை விஷயம். பையன் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தான், நிறைவு விழாவுக்கு.

"ஜாதகம் கேட்டது அத்தையா?" என்று கேட்டாள்.

"அம்மாவுக்காகத்தான" என்றான்.

"அத்தை கேட்கவே இல்லைன்னு சொல்றாங்க."

அவன் திடுக்கிடவில்லை. அவளுக்குப் பாடம் சொல்லித்தருகிற மாதிரி நிதானமாகப் பேசினான். "அப்பாவுக்கு வெளியில ஒரு பேரு இருக்குல்ல? அவரு பார்க்கச் சொன்னாருன்னு சொல்ல முடியுமா? அம்மான்னு சொன்னா யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க. அம்மாவுக்கு இதுல என்ன நஷ்டம்?"

அவன் முகத்தில் கள்ளம் இல்லை. அதுதான் எனக்குப் பகீரென்றது.

மகள் திரும்பி வந்தாள். என்னைத் தாண்டி மேல்தளத்துக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"ஜாதகம் எழுத வேண்டாம்மா" என்றாள்.

"ஏன்த்தா? உங்கப்பாவே சரின்னுட்டாரு. எழுதிக் கொடுத்துட்டு நல்லா இருங்களேன்."

"அவங்க ஜாதகம் பார்க்கறதுல எனக்கு ஒண்ணும் இல்ல. எங்களுக்குப் பயமா இருக்கு, பார்க்கணும்னு நேராக் கேட்டிருந்தா நானே போய் எழுதி வாங்கிருப்பேன்." கம்பியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நாளைக்கு இவரு எதுக்குப் பயந்தாலும் என் பேர்லதாம்மா பயப்படுவாரு."

சொல்லிவிட்டு என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். சின்னப் பிள்ளையில்கூட அவள் இப்படி அழுததில்லை. எனக்கு அந்தக் குடும்பத்தையே கடலில் தள்ளிவிடலாம் போல ஆத்திரம் வந்தது, அந்த மதினியை மட்டும் விட்டுவிட்டு. கீழே நிறைவு விழா தொடங்கி, பேராசிரியர் குரல் ஒலிபெருக்கியில் கேட்டது. பிறகு கைதட்டல் கேட்டது.

கைதட்டல் முடிவதற்குள் என் வீட்டுக்காரர் கையில் டீயோடு படியேறி வந்தார். நேற்றிலிருந்து தளர்ந்துபோன நடை. மகள் அழுவதைப் பார்த்ததும் டீ சிந்தச் சிந்த ஓடி வந்தார்.

"என்ன தாயி? என்னாச்சு? நான்தான் எழுதிருவோம்னு சொல்லிட்டனே?" என்றார்.

அவள் என் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்பாவின் கையிலிருந்த டீயை வாங்கிக்கொண்டாள்.

"நானே பார்த்துட்டேன்ப்பா. ஜாதகம் பொருந்தல" என்றாள்.