ஆத்தாவிடம் ஃபிரேம்வொர்க் கேட்ட கதை

போன ஆடி வெள்ளி. எங்கள் தெரு மாரியம்மன் கோயிலில் கூட்டம் இருக்கும்தான். ஆனால் ஓரமாகத் தனியாக ஒரு வரிசை நின்றது. பூக்கட்டிப் பார்க்கிற வரிசை. மாப்பிள்ளைக்கு இல்லை. போர்வெல்லுக்கும் இல்லை. வெப்சைட் வேலைக்குப் போக ரியாக்ட் படிப்பதா, ஆங்குலர் படிப்பதா என்று அம்மனிடம் கேட்க!

வெள்ளிமலையிலிருந்து முதல் பஸ் பிடித்து ஒரு அப்பா, மகளோடு வந்திருந்தார். உளுந்தூர்பேட்டையிலிருந்து ஓர் அம்மா, வர மறுத்த மகனை இழுத்துக்கொண்டு. பூசாரி என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"வாங்க சார். உங்களாலதான் ஒரு டீ குடிக்கக்கூட நேரமில்லாம நின்னுகினு கீறேன்."

என்னாலா? ஆமாம்... பாதி என்னால்தான்.

சித்திரையில் ஆரம்பித்த கதை இது. பக்கத்து வீட்டு ஆறுமுகம் மரவள்ளி விவசாயி. மகள் பவித்ரா அப்போதுதான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்திருந்தாள். அப்பா ஒரு வாய்ப்புக் கொடுத்தார். ஒரே ஒரு கோர்ஸ், மூன்று மாதம். வேலை கிடைத்தால் சென்னை. கிடைக்காவிட்டால் பி.எட்.

எங்கள் பக்கத்தில் எந்தப் பாதை எங்கே முட்டி நின்றாலும் அங்கே ஒரு பி.எட். கல்லூரி கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். பவித்ராவுக்கு அதுதான் பயம்.

"அம்பது புள்ளைங்க மூஞ்சியப் பாத்துப் பேசணும் மாமா. நாலு பேரு பாத்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கும். கம்ப்யூட்டர்னா அது நம்மளத் திருப்பிப் பாக்காதுல்ல?"

சரி, எந்த ஃபிரேம்வொர்க் கோர்ஸ்? அங்கேதான் குடும்பம் இரண்டாக உடைந்தது.

பெங்களூரில் இருக்கிற சித்தப்பா வீடியோ காலில் வந்தார். "ஆங்குலர்தாண்ணா. பெரிய கம்பெனின்னா அதான். சின்னக் கம்பெனிக்குப் போயி எவன் வூட்டு வாசல்ல நிக்கிறது?"

பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் கோச்சிங் சென்டர் வைத்திருக்கிறவர் ரியாக்ட் என்றார். அவரிடம் ஆங்குலர் பேட்ச்சும் உண்டு. அந்தப் பேட்ச்சில் சேர வந்தவர்களிடம் ஆங்குலர் என்றாராம்.

ஆறுமுகம் மகளைத்தான் கேட்டார். "மொதல்ல இந்த ஃபிரேம்வொர்க்குன்னா இன்னா?"

"தளம் போடறதுக்கு முன்னாடி சென்ட்ரிங் அடிக்கிறாங்கல்லப்பா... அது மாதிரி. எல்லாத்தையும் மொதல்லேர்ந்து செய்யாம, ரெடியா இருக்கற சட்டத்துல கட்டிக்கலாம்."

"சென்ட்ரிங் பலகைய வாடகைக்கு எடுத்தா ரெண்டு ஆளு அடிச்சிட்டுப் பூடறான். அதுக்கா மூணு மாசம்?"

பவித்ரா என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியவில்லை.

பிறகு அவர் சந்தையில் விசாரித்தார். ஆமாம், வாரச் சந்தையில்தான். எந்த வீட்டுப் பிள்ளை எதைப் படிக்கிறது, எது ஓடுகிறது? எல்லாரும் ரியாக்ட் என்றார்களாம். முகம் கறுத்துத் திரும்பி வந்தார்.

"எல்லாரும் போடறான்னா நாம போடக்கூடாது சார். ரெண்டு வருசம் முன்ன ஊரே மரவள்ளி போட்டுச்சி. இன்னா ஆச்சி? புடுங்குற கூலிக்குக்கூட வெல வரல."

"எல்லாரும் போடற ஊர்லதானே ஆறுமுகம், கிழங்கு வாங்குற லாரியும் வருது?" என்றேன்.

அவர் மேற்கே பார்த்தார். கல்வராயன் மலை யாரிடமும் எதையும் கேட்காமல் நீலமாக நின்றுகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தால் எங்கள் ஊரில் வாதம் செய்ய மாட்டோம். பூக்கட்டிப் பார்ப்போம்.

இப்படி அலைந்த ஆளைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. நானும் ஒரு காலத்தில் ஃபிரேம்வொர்க் மாற்றி மாற்றி ஓடியவன்தான். இருபது வயதில் வெண்பா. ஒரு தளை தட்டினால் மொத்தமும் எர்ரர். மார்க்கெட் இல்லை என்றார்கள். புதுக்கவிதைக்குத் தாவினேன். அங்கே எனக்கு முன்னால் பெரிய க்யூ. ஹைக்கூவுக்கு ஓடினேன்... போய்ச் சேர்வதற்குள் மூன்று வரியும் முடிந்துவிட்டது. கடைசியில் எந்தச் சட்டத்துக்குள்ளும் நிற்காத இந்த நடைக்கு வந்து சேர்ந்தேன். வேலைவாய்ப்பு எப்படி? பத்திரிகையில் வாரம் ஒரு பக்கம். அதிலும் பாதி விளம்பரம்.

பூக்கட்டுகிற அன்று ஆறுமுகம் என்னையும் கூட்டிப்போனார். "பேரத் தப்பில்லாம ஆத்தாகிட்ட சொல்றதுக்கு ஒரு படிச்ச ஆளு வேணும் சார்." என் இலக்கிய வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகத் தெளிவான பணி அதுதான்.

பூசாரி கேட்டார்: "இன்னாத்துக்கும்மா பூ? சம்பந்தமா?"

"ரெண்டு ஃபிரேம்வொர்க்குங்க," என்றாள் பவித்ரா.

"ரெண்டுல எது சொந்தத்துல?"

வெள்ளைப் பூ வந்தால் ரியாக்ட், சிவப்பு என்றால் ஆங்குலர். பவித்ராவே கோயிலுக்குப் பின்னால் போய் இரண்டு வாழையிலைத் துண்டில் தனித்தனியாக மடித்து, நூல் சுற்றி எடுத்து வந்தாள். நான் இரண்டு பெயரையும் உச்சரிப்பு பிசகாமல் அம்மன் முன்னால் சொன்னேன். பூசாரி கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்தார்.

வெள்ளை.

"செல்லாதுண்ணா!" போனிலிருந்து பெங்களூர் கத்தியது. "பெஸ்ட் ஆஃப் த்ரீ வெச்சிக்கலாம்!"

அம்மனுக்கும் டை பிரேக்கர். பவித்ரா மறுபடி மடித்தாள். வெள்ளை. மூன்றாவது முறையும்... வெள்ளை. பூசாரியே அம்மனைத் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டார். ஆறுமுகம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "போதும்டா தம்பி. இதுக்கு மேல கேட்டா ஆத்தா அடிச்சிடுவா."

எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது என்பது எங்கள் கோயில் வழக்கம். சூலத்தடியில் போட்டுவிட வேண்டும். எல்லாரும் கற்பூரம் ஒற்றிக்கொண்டிருந்தபோது நான் வழக்கத்தை மீறினேன். எழுதுகிறவனுக்கு மடித்து வைத்த எதையும் பிரிக்காமல் இருக்க முடியாது. மூன்று பொட்டலம். வெள்ளை, வெள்ளை, வெள்ளை.

நிமிர்ந்தால் எதிரே பவித்ரா.

"சொல்லிடாதீங்க மாமா. ரியாக்ட் பாதிக்கு மேல போன்லயே படிச்சிட்டேன். ஆங்குலர்னு வந்தா மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். மூணு மாசத்துல முடியாது. அப்புறம் பி.எட்.தான்."

நான் சொல்லவில்லை. என் பாதிப் பங்கு அதுதான். இதை இங்கே எழுதுவதிலும் ஆபத்து இல்லை, பெயர்களை மாற்றியிருக்கிறேன். தவிர, ஆறுமுகம் இந்தப் பத்தியைப் படிப்பதில்லை. "அதுல மழை எப்பன்னு போடறதில்லியே சார்" என்பார்.

ஆடி பிறந்தது. பவித்ராவுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. சின்னக் கம்பெனி. ஆறுமுகம் தெருவுக்கே கூழ் ஊற்றினார். ஊற்றிய கையோடு, "ஆத்தா மூணு தரம் சொன்னா சார், மூணு தரம்!" என்று வாங்கியவர்களிடமெல்லாம் சொன்னார். மலை வரைக்கும் செய்தி போனது. வரிசை வந்தது. அந்த வெள்ளிக்கிழமை மட்டும் நான்கு பேருக்கு வெள்ளை, மூன்று பேருக்குச் சிவப்பு. பூ அதனதன் போக்கில்தான் வருகிறது.

வீட்டுக்கு வந்ததும் பவித்ராவுக்குப் போன் செய்தேன். ரியாக்ட் எப்படிப் போகிறது?

"எங்க மாமா ரியாக்ட்டு? இன்டர்வியூல அதப் பத்தி ஒரு கேள்வியும் கேக்கல. ஒரு பழைய புரோகிராமக் கையில குடுத்து, இதுல தப்பு எங்க கீதுன்னு கண்டுபுடிக்கச் சொன்னாங்க. ராவா பகலா பழகுனதுல கண்ணுல பட்டுச்சி, காட்டிட்டேன். இப்ப அதான் வேலை. பதினாலு வருசத்துக்கு முன்ன எவனோ பிஎச்பின்னு பழைய கம்ப்யூட்டர் பாஷையில எழுதிப் போட்டுட்டுப் போன சைட்டு. தெனம் ஒட்டுப் போட்டுக்கினு கீறேன்."

"வருத்தமா?"

"ச்சே... பி.எட்.டுக்கு இது சொர்க்கம். யாரும் மூஞ்சியப் பாக்கறதில்ல."

கொஞ்சம் சீண்டலாம் என்று தோன்றியது. "ஆத்தாவையே ஏமாத்தினியே, கோச்சிக்க மாட்டாளா?"

அந்தப் பக்கம் சிரிப்பு.

"கோச்சிக்கத்தான் செஞ்சா மாமா. ரெண்டுலயும் ஒரே பூ வெச்சேன்ல? அதான் ரெண்டுலயும் இல்லாத ஒண்ண எடுத்துக் குடுத்துட்டா!"