வாளிமேல் உட்கார்ந்து வாசித்தவர்

செந்தூலில் எங்கள் பிளாட்டுக்கு மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை. தண்ணீர் லோரி வரிசையில் எனக்கு முன்னால் எங்கள் பிளாட்டின் நரைத்த மீசைக் காவல்காரர். காலி வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்து, உலகம் அழிகிற கதை வாசித்துக்கொண்டிருந்தார். எப்போதும் அந்த மாதிரிக் கதைதான். தொந்தி குலுங்கச் சிரிப்பு வேறு.

“சனம் சாகுறதுல என்ன அண்ணே சிரிப்பு?” என்றேன்.

“நம்ம பாடு தேவலன்னு தோணும் லா, அக்கா. இவனுங்க ஒரு சொட்டுத் தண்ணிக்கு அடிச்சிக்கிறானுங்க!”

வரிசை நகர்ந்தது, அவர் நகரவில்லை. மறுபடி கதையில் மூழ்கிவிட்டவரைக் கூப்பிட எனக்குக் கூச்சம். பின்னால் நின்றவர்கள் அவரைத் தாண்டிப் போக, நானும் போனேன். என் வாளி நிறைந்ததோடு லோரியும் காலி.

குற்ற உணர்ச்சியில் அவரை எழுப்பி, வாளியை நிமிர்த்தி, பாதித் தண்ணீரை அதில் ஊற்றினேன்.

“கதையா இருந்தா இந்நேரம் உங்கள வெட்டிட்டு முழுசா எடுத்திருப்பேன், அக்கா,” என்றார்.

அது நன்றிதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.