பையை விட்டுவிட்டு இறங்கச் சொன்னார்கள்

விமானம் தரையைத் தொட்ட மறுநொடி வலது பக்கம் படாரென்று ஒரு சத்தம். பின்னாலேயே இன்னொன்று. டயர் வெடிக்கிற சத்தம் மலைநாட்டில் பஸ் ஏறிய எவருக்கும் தெரியும். பஸ்ஸில் போனால் இறங்கி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு டிரைவரை ஆசைதீரத் திட்டலாம். இதுவோ ஒரு பக்கம் சாய்ந்தபடி ஓடிக்கொண்டே இருந்தது. அடியில் இரும்பு தரையை அரைத்தது. அது நிற்பதற்குள் எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டு முடித்துவிட்டேன்.

பக்கத்து இருக்கையில் கந்தப்பளை அக்கா. விமானத்தில்தான் பழக்கம். நானும் அவரைப் போல வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போய்த் திரும்புகிறவள்தான், பொகவந்தலாவைக்காரி. நான் ஒப்பந்தம் முடித்து வந்தேன். அவருடைய அம்மா மூன்று நாளைக்கு முன்னால் செத்துப்போயிருந்தார். பாஸ்போர்ட்டோ வேலை செய்த வீட்டு மேடத்தின் அலுமாரியில். இரண்டு நாள் அழுது, காலில் விழுந்து வாங்கியிருந்தார்.

"இன்னைக்கு வெள்ளி. நாளைக்கு விட்டா சனிப்பொணம் துணை தேடும்னு மூணு மணிக்கு எடுத்துருவாங்க தங்கச்சி. மொகத்தப் பாத்து வாய்க்கரிசி போட்டுட்டேன்னா போதும் எனக்கு" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். காலை ஏழு மணிக்கு இறங்கினால் நேரம் இருந்தது. என் தம்பி வேன் கொண்டுவருகிறான், இறம்பொடை வழியாக முதலில் உங்களை விடுகிறோம் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

ரப்பர் கருகும் நாற்றம் உள்ளே வந்தது. கதவைத் திறந்து சறுக்குப் பாதையை விரித்தார்கள். பைகளைத் தொடாதீர்கள், விட்டுவிட்டு இறங்குங்கள் என்று ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் பணிப்பெண்கள் கத்தினார்கள். அக்கா கைப்பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நின்றார். பாஸ்போர்ட் அதற்குள் இருந்தது.

"விடுங்கக்கா, உசிருதான் முக்கியம்."

"ரெண்டு வருசம் அவ பூட்டி வச்சிருந்தா. இனி யாரு கேட்டாலும் குடுக்க மாட்டேன்."

எங்களுக்குப் பின்னால் கூட்டம் முட்டியது. முன் இருக்கைக் கனவான் ஒருவர் திரும்பிப் பார்த்து, "இந்தத் தோட்டக்காட்டுச் சனத்துக்குச் சொன்னா விளங்காது" என்றார். நல்ல தமிழில்தான் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது. வந்த கோபத்தை அந்த ஆள்மேல் காட்டியிருந்தால் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அக்காமேல் காட்டினேன். எங்களுக்கும் விளங்கும் என்று அந்த ஆளுக்கு நிரூபிக்க வேண்டும் போலிருந்தது. பையைப் பிடுங்கி இருக்கையில் எறிந்து, அக்காவைப் பிடித்துக் கதவுப் பக்கம் தள்ளினேன். என் பையையும் விட்டுவிட்டேன்.

கீழே புல்லில் எழுந்து நின்று பார்த்தால், அந்தக் கனவான் கணினிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கையில் சின்னப் பெட்டியோடு வந்து இறங்குகிறார்! யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கூடத்துக்குக் கூட்டிப்போனார்கள். பாஸ்போர்ட் கையில் இருப்பவர்கள் இந்தப் பக்கம், இல்லாதவர்கள் அந்தப் பக்கம். சொல்லைக் கேட்காமல் பை தூக்கியவர்களெல்லாம் அரைமணி நேரத்தில் வீட்டுக்குப் போனார்கள். கனவானும் போனார். சொன்னபடி கேட்ட நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

அதிகாரியிடம் போய்ச் சாவு விஷயத்தைச் சிங்களத்தில் விளக்கமாகச் சொன்னேன். "வாடி வென்ன" என்றார். உட்காரு என்று அர்த்தம். மறுபடி போனேன். மறுபடியும் "வாடி வென்ன". தீயணைப்புக்காரர்கள் சொல்லும்வரை விமானத்துக்குள் யாரும் போக முடியாது, சரி. ஆனால் ஏறினவர்களின் பெயர்ப்பட்டியல் இவர்களிடம் இல்லையா? விரல் வைத்து, படம் பிடித்துத்தானே எங்களை நாட்டைவிட்டு அனுப்பினார்கள்? போகும்போது தெரிந்த முகம் வரும்போது தெரியாதா? பிஸ்கட்டும் பாலில்லாத பிளேன்ரீயும் கொடுத்தார்கள். எறிந்துவிடலாமா என்றிருந்தது.

பத்து மணிக்கு அக்கா நேரம் கேட்டார். பதினொன்றுக்குக் கேட்டார். பன்னிரண்டுக்குக் கேட்கவில்லை. "நீதானே தங்கச்சி புடுங்கி எறிஞ்ச" என்று மட்டும் சொன்னார். சத்தம் போட்டுத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பன்னிரண்டரைக்குப் பைகள் வந்தன. தம்பி வேனை விரட்டினான். அவனுடைய போனில் அக்கா தன் அண்ணனிடம் "கொஞ்சம் பொறுங்க, வந்துக்கிட்டே இருக்கேன்" என்று கண்டியில் சொன்னார், கம்பளையில் சொன்னார். இறம்பொடை ஏற்றத்தில் அண்ணனே கூப்பிட்டார். எனக்கும் கேட்டது.

"மழ புடிச்சிருச்சும்மா. இருட்டிட்டா அந்த வழுக்கல்ல தூக்கிட்டு எறங்க ஏலாது. எடுத்துட்டோம்."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தேயிலைத் தோட்டத்து லயத்தில் வீடு கழுவியிருந்தார்கள். சிமெந்துத் தரை இன்னும் ஈரமாக இருந்தது. அக்கா அழவில்லை. "அம்மாவுக்கு எந்தப் பக்கம் தல வச்சிருந்தீங்க?" என்று அண்ணியிடம் கேட்டார். அண்ணி கையைக் காட்டினார். அந்த இடத்தில், ஈரத்தில், அக்கா உட்கார்ந்தார். நான் வாசலிலேயே நின்றேன். என்னை யாரும் உள்ளே கூப்பிடவில்லை.

விமானத்தின் டயர்கள் வெடித்ததாகவும் பயணிகள் யாருக்கும் பாதிப்பில்லை என்றும் மறுநாள் வானொலியில் சொன்னார்கள். பாதிப்பில்லையாம்! எரிச்சலில் அதை நிறுத்தினேன்.

நெருப்புப் பிடிக்கும் விமானத்தில் பையை விட்டுவிட்டு இறங்குவதுதான் சரி. ஒருவர் பை தூக்க நின்றால் பின்னால் பத்துப் பேர் சாகலாம். எனக்குத் தெரியும், யாரும் பாடம் நடத்த வேண்டாம். ஆனால் அடுத்த மாதம் நான் மறுபடி வேலைக்குப் போகிறேன். திரும்பி வரும்போது டயர் வெடித்தாலும் சரி, இறக்கையே எரிந்தாலும் சரி, பாஸ்போர்ட்டைச் சட்டைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டுதான் ஏறுவேன். பையை விட்டாலும் பாஸ்போர்ட்டை விட வேண்டியதில்லை என்பது அன்று காலையில் என் மரமண்டைக்குத் தோன்றவில்லை. அந்தக் கைப்பையைத் திறந்து, பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்து அக்காவின் கையில் கொடுக்க எத்தனை நொடி ஆகியிருக்கும்?